மை மாஸ்டரின் பச்சை

போன வாரம் மருமகளை மாமனாரின் நாற்காலிக்குப் பின்னால் நிற்க வைத்துவிட்டு நான் பாட்டுக்கு வந்துவிட்டேன். பாவம், ஏழு நாளாக அங்கேயே நிற்கிறாள். இன்னும் நிறுத்தி வைத்தால் எனக்குத்தான் திட்டு விழும்.

மாமனார் மதியத் தூக்கத்தில் இருந்தார். மடியில் டேப்லெட் திறந்து கிடந்தது. பத்து மாதத்துக்கு முன் அவர் தன் மகளுக்கு எழுதியது அதில் அப்படியே இருந்தது. "போ. தாராளமாகப் போ. இனிமேல் இந்த வாசலை மிதிக்காதே. உன் அறையை நான் எடுத்துக்கொண்டாயிற்று." இந்த நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் பெரியவள் இந்த வீட்டோடு பேச்சையே நிறுத்தினாள். அதே நாலு வரி, ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஆனால் டேப்லெட்டில் அது பச்சை நிறத்தில் இருந்தது.

பச்சை என்றால் இந்த வீட்டில் என்ன அர்த்தம் என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மாமனார் ஓர் அச்சகத்தில் முப்பது வருஷம் மை கலந்தவர். எல்லோருக்கும் அவர் மை மாஸ்டர். மூன்று வருஷத்துக்கு முன் தொண்டையில் ஆபரேஷன் ஆனது. உயிர் பிழைத்தார், குரல் போய்விட்டது. வாய் ஓயாமல் வம்பு பேசிக்கொண்டிருந்த மனுஷன் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அவர் மகள், நாம் பெரியவள் என்று சொல்கிறோமே அவள், கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவள். அப்பா எழுதினால் குடும்பம் படிக்கிற மாதிரி இணையத்தில் ஒரு பக்கம் செய்து கொடுத்தாள். எழுத்தில் குரல் ஏறி இறங்காது இல்லையா, அதனால் நிறம் வைத்தாள். கறுப்பு என்றால் சாதாரணப் பேச்சு. சிவப்பு என்றால் கோபம். பச்சை என்றால் விளையாட்டு.

இன்னொன்றும் வைத்தாள். அதற்குப் பெயர் காதோடு. அதில் எழுதினால் வரிக்குக் கீழே ஒரு சின்ன வட்டம் மட்டும் தெரியும். யாருக்கு எழுதியதோ அவர் தொட்டால் உள்ளே இருப்பது திறக்கும், படித்ததும் வட்டம் நிறைந்துகொள்ளும். அடுத்தவருக்கு எழுதிய காதோடு வட்டத்தை எட்டிப் பார்க்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். மருமகள் இந்த வீட்டுக்கு வந்த முதல் நாளே அதைச் சொல்லிவிட்டார்கள்.

பெரியவள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே மை மாஸ்டர் வாசலில் நின்று, "போ, திரும்பி வராதே, உன் கட்டில் இனிமே எனக்கு" என்று சொல்லித்தான் அனுப்புவார். அவர் குரலில் கேட்டால் சிரிப்பு வரும். அவள் வேறு ஊரில் வேலை கிடைத்துக் கிளம்பியபோதும் அதையேதான் எழுதினார். அவள் அதைக் கறுப்பில் படித்தாள்.

அப்படியானால் பச்சை எங்கே போனது?

மருமகள் சாப்பாட்டு மேஜைக்கு ஓடினாள். அங்கே அவள் புருஷன், வீட்டுக்குச் சின்னவன், அக்கா செய்த இணையப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். எடுக்காமல் என்ன செய்வது? நேற்று அக்காவிடமிருந்து ஒரே ஒரு வரி மெயில் வந்திருந்தது: "நாளை மாலை ஆறு மணிக்குப் பக்கத்தை அழிக்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளவும்." இப்போது மணி இரண்டரை.

"மாமா பச்சையிலதான் எழுதியிருக்கார். நானே பார்த்தேன். அண்ணிக்கு மட்டும் எப்படிங்க கறுப்பாப் போச்சு?"

சின்னவன் முதலில் விளங்காமல் முழித்தான். பிறகு கை தானாக மவுஸை விட்டது. முகத்தில் ஈயாடவில்லை.

அவன் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன். தொழில் தெரிந்தவன்தான், ஆனால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது அவன் வாயில் பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அப்பாவின் பக்கத்தில் அச்சகத்து நண்பர்கள் நலம் விசாரிக்க ஒரு பெட்டி இருந்தது. போன வருஷம் எவனெவனோ அந்தப் பெட்டிக்குள் புகுந்து கண்ட கருமத்தை ஒட்ட ஆரம்பித்தான். பார்த்தால் வாழ்த்து மாதிரி இருக்கும், உள்ளே கள்ளத்தனமான கட்டளை ஒளிந்திருக்கும், திறந்தவர் வேறு எங்கோ போய் விழுவார். அதைத் தடுக்கத்தான் சின்னவன் ஒரு வடிகட்டி போட்டான். ஊரில் யாரோ எழுதி எல்லோரும் பயன்படுத்துகிற தயார் புரோகிராம், லைப்ரரி என்பார்கள். எச்.டி.எம்.எல். என்ற இணையப் பக்க எழுத்து எதைக் கொடுத்தாலும், இது நிறம், இது வட்டம் என்று சொல்கிற டேக் என்னும் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும். தன் பட்டியலில் இருந்தால் விடும், இல்லாவிட்டால் உரித்து எறியும்.

அந்தப் பட்டியலை நம் வீட்டுக்குத் தகுந்த மாதிரி நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது தன் சொந்தப் பட்டியலை வைத்துக்கொள்ளும். சின்னவன் கொடுக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கலாம் என்றுவிட்டான்.

வடிகட்டி போட்ட தேதியைத் தேடினார்கள். அக்கா ஊருக்குக் கிளம்பிய அதே வாரம்.

"நான்தான். அப்பா எழுதின நிறத்தை நான்தான் உரிச்சுப் போட்டிருக்கேன்" என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

டேப்லெட்டில் வடிகட்டி கிடையாது, அதனால் மை மாஸ்டருக்குத் தான் எழுதியது பச்சையாகவே தெரிந்தது. வட்டம் நிறைந்ததா இல்லையா என்பது மட்டும் டேப்லெட்டில் தெரியாது, அதைப் பக்கத்தில்தான் பார்க்க வேண்டும். வீட்டில் கூட இருப்பவர்கள் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அதைத் திறக்கிறவள் பெரியவள் ஒருத்திதான். அவளும் அந்த நாலு வரியோடு மூடிவிட்டாள். நிறத்தை அவளே வைத்தாள், அதனால் வேறு யாரையும் விட நிறத்தை அவள் நம்பினாள்.

உடனே போன் போட்டுச் சொல்லிவிடலாமே என்றாள் மருமகள். போன் போனால்தானே. இரண்டு பேர் நம்பரையும் அக்கா தடுத்து வைத்திருந்தாள். அதற்கும் காரணம் சின்னவன்தான். அப்பா எழுதியது போல அவனே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி அனுப்பி, அரை நாளில் மாட்டிக்கொண்ட கூத்து நாலாவது அத்தியாயத்தில் நடந்தது. மெயிலில் படம் பிடித்து அனுப்பினாலும், நிறத்தை இவனே மாற்றினான் என்றுதான் நினைப்பாள். அதில் அவளைக் குறை சொல்லவும் முடியாது.

"அவளோட பக்கமே அவளுக்குக் காட்டணும்" என்றான். "அக்கா எதையும் ஒரு தடவை படிக்காம அழிக்க மாட்டா. கரும்பலகையையே படிச்சிட்டுத்தான் துடைப்பா."

அதற்கு முன் ஒரு பெரிய கேள்வி இருந்தது. அப்பா எழுதியதைச் சேமிக்கும்போதே வடிகட்டியிருந்தால் நிறம் என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்கும், யாராலும் மீட்க முடியாது. காட்டும்போது மட்டும் வடிகட்டியிருந்தால் அசல் உள்ளே பத்திரமாக இருக்கும். எப்படிச் செய்தோம் என்று அவனுக்கே ஞாபகம் இல்லை. இவனை வைத்துக்கொண்டு ஒருத்தி குடும்பம் நடத்துகிறாள், சும்மா சொல்லக்கூடாது, அவளுக்குப் பொறுமை அதிகம்.

சேமிப்பைத் திறக்கப் போனவனை மருமகள் தடுத்தாள். அசலில் காதோடு எழுதியதும் வெளிப்படையாகத் தெரியுமே. டேப்லெட்டில் வரிக்குக் கீழே வட்டம் இருந்ததை அவள் பார்த்திருந்தாள், அது அண்ணிக்கு எழுதியது. அவசரம் என்றாலும் சட்டம் சட்டம்தான். ஒரு பழைய செய்தித்தாளை நாலாக மடித்துத் திரையின் கீழ்ப்பாதியை மறைத்துப் பிடித்தாள். அவன் மேல்பாதியை மட்டும் பார்த்தான்.

'போ' என்ற சொல்லுக்கு முன்னால் நிறத்துக்கான குறிப்பு இருந்தது.

"இருக்கு" என்றான். "எல்லாம் இருக்கு."

மருமகளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், ஆனால் செய்தித்தாளை மட்டும் எடுக்கவில்லை.

மூன்று மணிக்குச் சின்னவன் பத்து மாதத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய வேலையை ஆரம்பித்தான். இந்த டேக்கை விடு, இதோடு நிறம் சொல்ல வரும் ஸ்டைல் குறிப்பையும் விடு என்று வடிகட்டிக்குச் சொந்த விதி எழுதினான். பக்கத்தைத் திறந்தான். கறுப்பு. விதியைத் திருப்பித் திருப்பிப் படித்தான், தப்பே இல்லை. அரை மணி தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, ஸ்டைல் உள்ளே வருகிறது, ஆனால் நிறம் இல்லாமல் வெறுங்கையோடு வருகிறது. வடிகட்டிக்குள் ஸ்டைலைச் சோதிக்க மட்டும் இன்னொரு பட்டியல் தனியாக இருந்தது.

மருமகளுக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. அவள் ரயில் நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் மெஷின் முன்னால் உட்காருகிறவள். வாசலில் ஆளைப் பார்ப்பார்கள், உள்ளே பையைப் பார்ப்பார்கள், எங்கள் இடத்திலும் இரண்டு கதவுதான் என்றாள்.

அந்த உள் பட்டியலில் நிறத்தைச் சேர்த்தான். கண்டதையெல்லாம் விட்டால் மறுபடி வம்பு வரும் என்று கம்ப்யூட்டரில் இருக்கும் சாதாரணச் சிவப்பு, பச்சை, கறுப்பு மூன்றை மட்டும் விடச் சொன்னான். சோதித்துப் பார்க்க ஒரு வரி எழுதினான்: "என் மனைவிக்குக் கோபமே வராது." பளிச்சென்று பச்சையில் வந்தது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். குதித்து முடித்த பிறகுதான் அவளுக்குப் பச்சைக்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்பாவின் வரிக்குப் போனார்கள். அது கறுப்பாகவே இருந்தது.

இவன் வரி பச்சை, அப்பா வரி கறுப்பு. ஒரே வடிகட்டி, ஒரே விதி. மணி நாலரை. சின்னவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஒரு காரியம் செய்தான். வடிகட்டியே வேண்டாம், ஒரு மணி நேரத்துக்குத் தூக்கிவிடுகிறேன், அக்கா பார்த்தால் போதும் என்று மொத்தமாக நிறுத்தினான். மருமகள் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் நிறுத்திவிட்டான்.

பக்கம் ஒரு நொடி வந்தது. அடுத்த நொடி திரை முழுக்க மஞ்சள் வெளிச்சம், நீங்கள் ஒரு கார் வென்றுவிட்டீர்கள் என்ற அறிவிப்பு, கூடவே காது கிழிகிற ஹாரன் சத்தம். நலம் விசாரிக்கும் பெட்டியில் பத்து மாதமாகக் கட்டுண்டு கிடந்த அத்தனை கழிசடையும் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. சத்தத்தை நிறுத்தப் போனால் இன்னொரு கார் கிடைத்தது. வடிகட்டியை மறுபடி போடுவதற்குள் நாலு கார் வென்றுவிட்டார்கள்.

"அண்ணி இப்ப திறந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள் மருமகள். இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று அவன் முகமே சொன்னது.

ஹாரன் சத்தத்தில் மை மாஸ்டர் எழுந்துவிட்டார். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். சிவப்பில் எழுதிக் காட்டினார்: "வீட்டுக்குள் யார் வண்டி ஓட்டுவது?"

சின்னவன் மனைவியைப் பார்த்தான். அவள் நகர்ந்துகொள்ளவில்லை, காப்பாற்றவும் இல்லை. அவன் எழுந்து நின்றான். மென்று முழுங்காமல் சொன்னான், அதற்காக அவனுக்கு ஒரு நல்ல வார்த்தை போடலாம்.

"அப்பா, நீங்க அக்காவுக்குப் பச்சையில எழுதினது அவளுக்குக் கறுப்பாப் போயிருக்கு. நான் போட்ட ஒண்ணு நிறத்தை எடுத்துடுச்சு. அவ அதை நிஜம்னு நம்பிட்டா. தப்பு என்னோடதுப்பா."

மை மாஸ்டர் சிவப்பை அழித்தார். பிறகு கறுப்பில் எழுதினார்: "காதோடு?"

"அதை முழுசாவே எறிஞ்சிருக்கு. வட்டம்கூட அவளுக்குத் தெரிஞ்சிருக்காது."

அவர் மெதுவாக எழுதினார்: "படித்துவிட்டும் ஒரு பதில் போடவில்லை என்றல்லவா நினைத்தேன்."

அதைப் பார்த்ததும் மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. பத்து மாதமாக இந்த மனுஷன் மகள் மேல் ஒரு குறையை மனதில் வைத்துக்கொண்டு, அவளைப் பற்றிக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். அங்கே அவள் இவர்மேல் ஒரு குறையை வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே அச்சு, பிடிவாதத்தில். என்ன எழுதினீர்கள் மாமா என்று வாய் வரை வந்த கேள்வியை விழுங்கினாள். அது காதோடு எழுதியது.

மை மாஸ்டர் மேஜையருகே வந்து திரையைப் பார்த்தார். சின்னவனின் சோதனை வரியில் கண் நின்றது. மூக்கைச் சுளித்தார். எழுதினார்: "இது என்ன பச்சை?"

சாதாரணப் பச்சைதான் என்றான் மகன்.

"இது என் பச்சை இல்லை."

மருமகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மை மாஸ்டர் விறுவிறுவென்று எழுதிக்கொண்டே போனார். கம்ப்யூட்டர் கொடுத்த பச்சையை முதல் நாளே அவர் வேண்டாம் என்றுவிட்டாராம், கண்ணைக் குத்துகிறதாம். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, இன்னும் மஞ்சள், ஒரு சொட்டு கறுப்பு, நீலத்தைக் குறை என்று இரண்டு சாயங்காலம் கலக்கி, அச்சகத்தில் தன் டப்பாவில் இருந்த பச்சையையே கொண்டுவந்தாராம். சிவப்பும் அப்படித்தான். முப்பது வருஷம் மை கலந்தவர் கடையில் விற்கிற நிறத்தில் மகளோடு பேசுவாரா?

சின்னவன் தலையில் கை வைத்துக்கொண்டான். மூன்று சாதாரண நிறத்தை மட்டும் விடு என்று வடிகட்டிக்குச் சொன்னவன் அவன்தான். அப்பாவின் பச்சை அந்த மூன்றில் இல்லை. செய்தித்தாள் மறைப்பில் அவசரமாகப் பார்த்ததில் நிறக் குறிப்பு இருக்கிறது என்று பார்த்தானே தவிர, எந்த நிறம் என்று பார்க்கவில்லை.

"அந்தப் பச்சைக்குக் கம்ப்யூட்டர் கொடுத்த நம்பர் ஞாபகம் இருக்காப்பா?"

என்ன கேள்வி இது என்பது போலப் பார்த்துவிட்டு எழுதினார். நாலு, எஃப், ஏழு, ஏ, இரண்டு, எட்டு. சிவப்புக்கும் எழுதினார். சின்னவன் அந்த இரண்டையும் உள் பட்டியலில் வைத்துச் சேமித்தான். பக்கத்தைத் திறந்தான்.

போ, தாராளமாகப் போ. நாலு வரியும் பச்சையில் வந்து நின்றது. இலையில் வெயில் பட்ட மாதிரி ஒரு பச்சை, கண்ணைக் குத்தவே இல்லை. மை மாஸ்டர் விரலால் திரையைத் தொட்டுப் பார்த்தார்.

மணி ஐந்து இருபது. இப்போது வட்டம் வேண்டும்.

தெரியாத டேக் வந்தால் உள்ளே இருப்பதோடு சேர்த்து எறி என்று வடிகட்டிக்குக் கட்டளை இருந்தது. கார் கொடுக்கும் கூட்டத்துக்காகப் போட்டது. சின்னவன் அதைத் தளர்த்தினான். டேக்கை மட்டும் உரி, உள்ளே இருப்பதை விடு என்றான். தளர்த்திய உடனே மருமகள் இரண்டு கையாலும் திரையைப் பொத்தினாள். உறையை உரித்தால் உள்ளே இருக்கும் காகிதம் ஊருக்கே தெரியும் இல்லையா? அப்பாவின் ரகசியம் பட்டவர்த்தனமாகப் பக்கத்தில் கொட்டிக் கிடந்தது. சின்னவன் கண்ணை மூடிக்கொண்டே பழையபடி மாற்றினான்.

எறிந்தால் போய்விடுகிறது, உரித்தால் அம்பலமாகிறது. இரண்டும் கூடாது. ஐந்தரை ஆகிவிட்டது.

மருமகள்தான் வழி சொன்னாள். "எங்ககிட்ட சீல் வெச்ச பை வரும். அதைப் பிரிக்கவும் மாட்டோம், தூக்கிப் போடவும் மாட்டோம். சீட்டுல பேர் இருக்கான்னு மட்டும் பார்த்துட்டு அப்படியே அனுப்புவோம். அதுக்குன்னு தனி ரூல். மத்த பைக்கெல்லாம் பழைய ரூல்தான்."

சின்னவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். இத்தனை நாள் இவளிடம் கேட்காமல் யார் யாரிடமோ கேட்டோமே என்று தோன்றியிருக்கும், தோன்றட்டும். தெரியாத டேக் வந்தால் என்ன செய்வது என்று நாமே எழுதிக் கொடுக்க அந்த லைப்ரரியில் ஓர் இடம் இருந்தது. அங்கே எழுதினான். டேக்கின் பெயர் காதோடு என்றால், யாருக்கு என்ற குறிப்பு இருக்கிறதா பார், இருந்தால் தொடாமல் விடு. வேறு எதுவாக இருந்தாலும் உன் வழக்கப்படி எறி.

எழுதி முடித்துச் சேமிக்கும் பொத்தானில் கை வைத்தபோது, பக்கத்தின் மேல் மூலையில் மங்கலாக இருந்த ஒரு பெயர் தடித்தது. குடும்பத்தில் யார் பக்கத்தைத் திறந்தாலும் அவர் பெயர் அங்கே தடிக்கும். பத்து மாதமாக மங்கலாகவே கிடந்த பெயர்.

அக்கா வந்துவிட்டாள். மணி ஐந்து ஐம்பது. எங்கேயும் பத்து நிமிஷம் முன்னாலேயே போய் நிற்பது அவள் பழக்கம்.

சின்னவன் சேமித்தான். தன் திரையில் பார்த்தான். பச்சை வரிகளுக்குக் கீழே சின்ன வட்டம் வந்திருந்தது. ஆனால் அக்கா அதற்கு முன்பே பக்கத்தைத் திறந்தாயிற்று. அவள் திரையில் பச்சை இருக்கும், வட்டம் இருக்காது, வெறும் பச்சையைத் தம்பி வேலை என்று நினைத்துவிடுவாள், அவளாக மறுபடி திறந்தால்தான் வட்டம் வரும். எதற்கு மறுபடி திறக்கப் போகிறாள்? பார்த்துவிட்டு அழிக்க வந்தவள்.

"புதுசா யாராவது எழுதினா பக்கம் தானா மாறும்ல?" என்றாள் மருமகள்.

மை மாஸ்டர் டேப்லெட்டை எடுத்தார். தன் நிறங்களை ஒரு தடவை பார்த்தார். பச்சையைத் தொட்டார். எழுதினார்: "அழி. தாராளமாக அழி. எனக்கென்ன வந்தது."

சின்னவனுக்கு உயிரே போய்விட்டது. விதியில் ஒரு புள்ளி தவறியிருந்தாலும் இது கறுப்பில்தான் போகும். கறுப்பில் போனால் அவ்வளவுதான், அதற்கு மேல் இந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் எழுத வேண்டியதே இல்லை. "அப்பா, கறுப்பாப் போச்சுன்னா?" என்றான்.

மை மாஸ்டர் மகன் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டார்.

மூன்று பேரும் ஒரே திரையைப் பார்த்தார்கள். வரி பச்சையில் வந்தது. பெயர் தடித்தபடியே இருந்தது. ஐந்து ஐம்பத்து மூன்று. ஐந்து ஐம்பத்து ஐந்து. அங்கே அவள் என்ன செய்கிறாள் என்று தெரியவில்லை. மருமகள் மாமனாரின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதுவே அவளுக்குத் தெரியவில்லை.

ஐந்து ஐம்பத்து ஏழுக்கு வட்டம் நிறைந்தது.

ஆறு அடித்தது. பக்கம் போகவில்லை. ஆறு ஒன்று, ஆறு இரண்டு, பக்கம் இருந்த இடத்தில் இருந்தது. சின்னவனின் போன் மேஜையில் அதிர்ந்தது. எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தான்.

"டேய், அப்பா ஆபரேஷனுக்குப் போனாரா?"

பத்து மாதம் கழித்து அக்கா பேசிய முதல் வார்த்தை அதுதான். அழுதிருக்கிறாள், மூக்கு அடைத்திருந்தது. எந்த ஆபரேஷன் என்று கேட்டான் சின்னவன்.

பிறகு அவள் சொன்னாள். காதோடு எழுதியதை வெளியே சொல்வது தப்பு, அவளுக்கும் தெரியும், ஆனாலும் சொன்னாள். பெரிய சர்ஜன் ஒருவர் வருஷத்துக்கு ஒரு முறை வருகிறாராம், குரல் திரும்ப வர வாய்ப்பு இருக்கிறது என்று சொல்லி அப்பாவின் பேரைப் பதிந்துகொண்டாராம். "நீ கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தாத்தான் படுப்பேன், இல்லேன்னா வேண்டாம்னு எழுதியிருக்கார்டா. குரல் வந்ததும் முதல்ல என்னைத்தான் திட்டணுமாம்."

சின்னவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். மை மாஸ்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டிலேயே இருந்துகொண்டு, இந்த மேஜையிலேயே சாப்பிட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை மனுஷன்.

"தேதி எப்போ? சீட்டு என் அறையில இருக்குன்னு எழுதியிருக்கார். போய்ப் பாரு" என்றாள் அக்கா.

மருமகள் ஓடினாள். மை மாஸ்டர் தான் எடுத்துக்கொண்டதாக எழுதிய அந்த அறை பத்து மாதமாகச் சாத்தியே கிடந்தது. திறந்தாள். மெத்தையில் உறை மாற்றி விரித்திருந்தது. மேஜையில் தூசி இல்லை, யாரோ தினமும் துடைத்திருக்கிறார்கள். மெத்தை நடுவில் ஆஸ்பத்திரிச் சீட்டு, பறக்காமல் இருக்க அதன்மேல் ஒரு மை டப்பா.

சீட்டைக் கொண்டுவந்து புருஷன் கையில் கொடுத்தாள். அவன் தேதியைப் படித்தான். சுவரில் காலண்டரைப் பார்த்தான். மறுபடி சீட்டைப் படித்தான்.

"அக்கா, நாளை மறுநாள். காலை எட்டு மணி."

அக்கா இருக்கும் ஊரிலிருந்து இங்கே வர ரயிலில் ஒன்றரை நாள். போனில் ஏதோ கீழே விழுந்து உருண்டது, அலமாரிக் கதவு திறந்தது, பிறகு பெட்டியின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.